விமானம் விழுந்த காரணத்தை அக்கா பாடமாக்கியது

என் வலது தோள் எலும்பு முறிந்திருந்த மாதங்களில் வெள்ளவத்தையில் ஓர் அக்காவின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். வலித்தது உண்மை. இரவில் ஒரு பக்கமாகப் படுக்கவும் முடியாது. ஆனாலும் அந்த மாதங்களை இன்று நினைத்தால் நன்றிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் என்னால் ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இரண்டு சரக்குக் கப்பல்களில் மேல்தட்டு வேலை செய்தேன். மாலைதீவில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினேன். அங்கேயும் கால் தரிக்காமல் திரும்பி வந்து, ஒருகொடவத்தையில் கொள்கலன் அடுக்கும் யார்டில் சேர்ந்தேன். அங்கே ஒரு நாள் பாரம் தூக்கிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிவடம் அறுந்து, அதன் நுனி என் தோளில் அடித்தது. அரை முழம் தள்ளி அடித்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது யார்டில் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. நானும் அப்படி யாரோ ஒருவருடைய இடத்துக்குத்தான் போயிருந்தேன்.

வெள்ளவத்தையில் தனி ஆணுக்கு அறை கிடைப்பது லேசான காரியமல்ல. குடும்பமாக இருக்கவேண்டும், அல்லது வங்கியில் வேலை செய்யவேண்டும். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு பையோடு வருகிறவனுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? முன்பக்கத் தொடர்மாடி வாச்சர்தான் அந்த வீட்டைக் காட்டிவிட்டார். கேற்றைத் திறந்த அக்காவுக்கு அறுபது வயது கடந்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது, அக்கா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"கப்பலிலை வேலை செய்தனீராமே?" என்று கேட்டார்.

"ரெண்டு கப்பல்லக்கா."

"எந்தப் பக்கம்?"

"டெக் பக்கம். கயிறு கட்டுறது, துரு சுரண்டுறது, பெயின்ற் அடிக்கிறது."

"சரி, வாரும்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் மத்தியானம் சோறும் மீன்குழம்பும் தந்தார். நான் இடது கையால் தட்டுத்தடுமாறிச் சாப்பிடுவதைக் குசினி வாசலிலிருந்து பார்த்தார் போலும். அடுத்த நாள் தட்டோடு ஒரு கரண்டியும் வந்தது. மீனில் முள் எடுத்திருந்தது.

கப்பல் என்ற சொல்லுக்கு அந்த வீட்டுக் கேற் ஏன் திறந்தது என்று சில நாட்களில் விளங்கியது. அக்காவுக்கு ஒரே மகன். படிக்கவென்று வெளிநாடு போனவர், அங்கேயே குடியுரிமை பெற்று, அந்த நாட்டுக் கடற்படையில் சேர்ந்துவிட்டார். எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டபடியால் விடுகிறேன். விமானம் ஏறி இறங்கும் பெரிய கப்பல் ஒன்றில் அவருக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், "அது உள்ளுக்கை மெஷின் வேலை" என்பார் அக்கா. கலியாணத் தரகரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தரகர் அதைக் கேட்டுக்கொண்டு போய், கப்பலில் என்ஜினியர் என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டார். அக்கா திருத்தவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கே தெரியும். அடுத்த ஒழுங்கையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற என்ஜினியர், நீர்ப்பாசனப் பக்கம்.

ஒரு பின்னேரம் அக்கா ஃபோனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, உதை ஒருக்காப் பாரும்."

யாரோ கப்பலிலிருந்து எடுத்த சிறு வீடியோப் படம். சாம்பல் நிறத் தட்டு. தூரத்தில் ஒரு போர் விமானம் இறங்கி வருகிறது. தட்டில் படுகிறது. பின்னால் நெருப்புப் பொறி. நிற்கப் போகிறது என்று நினைக்கும் நேரத்தில் ஏதோ ஒன்று பாம்பு போலத் துள்ளி எழும்புகிறது. விமானம் நிற்கவில்லை. விளிம்பை நோக்கிப் போகிறது. விமானி இருந்த ஆசனம் மேலே வெடித்துக் கிளம்பி, குடை விரிகிறது. அதற்குப் பிறகு விமானம், பழைய பஸ் ஒன்று பள்ளத்தில் இறங்குவதுபோல, மெதுவாக மூக்கைக் குத்திக் கடலுக்குள் போகிறது. விமானியை ஹெலிகொப்டர் காப்பாற்றிவிட்டதாகக் கீழே செய்தி ஓடியது.

"ஆள் தப்பிட்டாருக்கா," என்றேன்.

"கப்பலைப் பாரும். அந்தக் கோபுரத்திலை இருக்கிற நம்பர். அது அவன்ரை கப்பல்."

அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் சுகம், பிறகு கதைக்கிறேன். அவ்வளவுதான். அக்கா அதைத் திறந்து திறந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் அழைப்பது வழக்கம். அக்கா தேங்காய் துருவிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ கதைப்பார் என்பதால் ஃபோன் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருக்கும். வீடு முழுக்கக் கேட்கும். முன்பெல்லாம் மகன் ஊர்ப்பட்ட கதை கேட்பார். மாமரம் காய்க்கிறதா, மேல்வீட்டு நாய் இன்னும் குரைக்கிறதா, பின்னறை அங்கிளின் தோள் எப்படி. விபத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு, "ஓம்." "ம்." "சரியம்மா." அதோடு வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அக்கா கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போவார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

"அவனுக்கு ஏதோ நடந்திட்டுது தம்பி," என்றார் அக்கா. "உடம்பிலை இல்லை. உள்ளுக்கை. கேட்டால் சொல்லுறானில்லை."

"விசாரணை நடக்கும். வெளியில கதைக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"கதைக்காதே எண்டால், சாப்பிட்டியோ எண்டு கேட்டாலும் கதைக்கக் கூடாதோ?"



அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி ஆகப்போகிறவர் சந்தையில் அக்காவைக் கண்டிருக்கிறார். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "பிள்ளை, அந்த விமானம் விழுந்தது தம்பியின்ரை கப்பலிலையாமே? என்ன காரணமாய் இருக்கும்? எனக்கு அறிய வலு ஆசை. தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கோ, நான் பின்னேரம் ஃபோன் எடுக்கிறன்," என்றாராம்.

அக்கா மரக்கறிப் பையோடு நேரே என் அறைக்கு வந்தார்.

"தம்பி, அவனைக் கேக்க ஏலாது. விமானம் விழுந்ததுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? ஒண்டொண்டாய்ச் சொல்லும். நான் பாடமாக்கிறன்."

"நான் என்ன விமானியாக்கா?"

"நீர் கப்பலிலை இருந்தனீர். பத்து நாளாய் ஃபோனிலை உந்தப் படங்களைத்தானே பாத்துக்கொண்டு கிடக்கிறீர். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

உண்மைதான். தோள் உடைந்தவனுக்கு வேறு என்ன வேலை? சிங்களத்தில், ஹிந்தியில், எனக்கு அரைகுறையாக விளங்கும் ஆங்கிலத்தில், இறங்கும் விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தத் தட்டின் குறுக்கே கட்டும் கம்பிகளைப் பற்றிக் கிடைத்த எல்லாப் படங்களையும் பார்த்திருந்தேன். அறுந்த கம்பியிடம் அடி வாங்கியவனுக்கு அறுந்த கம்பி மீது ஓர் ஈர்ப்பு வந்துவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் தெரியும். மிச்சம் ஊகம். அதை அக்காவிடம் சொன்னேன். "ஊகமெண்டாலும் சொல்லும்," என்றார்.

வீட்டு நடையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே வைத்து, அவற்றின் கால்களுக்கு நடுவே பாவாடை இலாஸ்டிக்கை இழுத்துக் கட்டினோம். என் இடது கால் சிலிப்பரில் சட்டை மாட்டும் கம்பியை வளைத்துக் கொக்கியாகச் செருகினேன்.

"விமானத்துக்கு உம்மடை சிலிப்பர்தானோ கிடைச்சது?"

"உங்கட சப்பாத்தைத் தாங்களேன்."

"வேண்டாம், உதே பறக்கட்டும்."

சிலிப்பரைத் தரையில் தள்ளிவிட்டேன். கொக்கி இலாஸ்டிக்கின் மேலாகத் துள்ளிப் போய்க் குசினிக் கதவில் மோதியது.

"இது முதல் காரணம்க்கா. கொக்கி தட்டுல பட்டு எகிறும். கம்பிய விட்டுட்டுப் போயிடும். ஆனா படத்துல அப்படி நடக்கல. அதுல கம்பி பிடிச்சுது."

"பிடிச்சதெண்டால் ஏன் விழுந்தது?"

"அதுதான் கேள்வி. கடல் நாம நினைக்கிற மாதிரி சும்மா இருக்காது. கப்பல் பின்பக்கம் அலையில எழும்புற நேரம் விமானம் வந்தா, தட்டு மேல வந்து விமானத்த அடிக்கிற மாதிரி ஆகும். கொக்கி முறியலாம், சக்கரம் முறியலாம். விமானம் நேரா வராம ஒரு பக்கமா வந்து பிடிச்சா, கம்பி ஒரு பக்கம் கூட இழுபடும். இல்லாட்டி கம்பியே பழசாயிருக்கும். உள்ளுக்குள்ள நாரு நாரா அறுந்துகிட்டு வரும், வெளியில தெரியாது. எங்க யார்டுல அப்படித்தான் அறுந்துச்சு. கம்பி நல்லா இருந்தாலும் அதோட நுனியை மெஷினோட பொருத்துற இடம் இருக்கே, அது கழண்டாலும் போச்சு."

அக்கா விரல் மடக்கிக்கொண்டு வந்தார். தபால் கந்தோர்ப் பரீட்சைகளில் தேறி வந்தவர். ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"சரி, மெஷின் எண்டீர். அது என்ன மெஷின்?"

"அந்தக் கம்பி ரெண்டு பக்கத்தாலும் தட்டுக்குக் கீழ போகுதுக்கா. கீழ ஒரு அறையில பெரிய மெஷின். அதுதான் இழுத்துப் பிடிச்சு நிப்பாட்டுறது. ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு பாரம். எண்ணெய் எவ்வளவு மிச்சம், கீழ என்ன கட்டித் தொங்குது, எல்லாம் பாத்து அந்தப் பாரத்துக்கான நம்பர மெஷின்ல வைக்கணும். குறைச்சு வச்சா கம்பி இழுபட்டுக்கிட்டே போகும், விமானம் நிக்காது. கூட வச்சா சடார்னு பிடிச்சு ஏதாச்சும் ஒண்ணு அறும்."

"ஆர் வைக்கிறது?"

"கீழ ஒருத்தர் நிப்பாரு. மேலயிருந்து பாரத்தச் சொல்லுவாங்க. அவரு வச்சிட்டு சத்தமாத் திருப்பிச் சொல்லணும்."

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். அது இலாஸ்டிக் கட்டிய கதிரை. இழுபட்டு மற்றக் கதிரை சரிந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அவன்தான் தம்பி."

நான் குனிந்து கதிரையை நிமிர்த்தினேன்.

"ஒருக்காச் சொன்னவன். அம்மா, அவங்கள் ஒரு நம்பர் சொல்லுவாங்கள், நான் திருப்பிக் கத்துவன் எண்டு. நான் சிரிச்சனான். கிளிப்பிள்ளை வேலையோடா எண்டு கேட்டனான்." இலாஸ்டிக் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "அப்ப, அவன் பிழையாய் வைச்சிருந்தால்?"

மகனுடைய மௌனத்துக்கு அக்கா அந்த நிமிடத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். நான்தான் கையில் எடுத்துக் கொடுத்தது. அதை எப்படியாவது திருப்பி வாங்கவேண்டும் என்ற அவசரத்தில் இன்னொன்றைச் சொன்னேன்.

"அக்கா, இன்னொரு காரணம் இருக்கு. இதுதான் பெருசுன்னு நான் நெனைக்கிறேன். கப்பல் கரைக்கு வரேக்க முதல்ல என்ஜினைக் குறைப்பாங்க. நிக்கிற மாதிரி வந்த பிறகுதான் நாங்க கயிறு போடுவோம். என்ஜின் இழுக்க இழுக்கக் கயிறு போட்டா எந்தக் கயிறும் தாங்காது. படத்துல கேட்டீங்களா? விமானம் தட்டுல பட்ட உடனே என்ஜின் என்னா இரைச்சல்! அந்த விமானி பயந்துபோய்க் குறைக்கிறதுக்குப் பதிலா கூட்டிட்டாரு. அதான் கம்பி அறுந்திருக்கு."

அக்காவின் முகம் மெல்லத் தெளிந்தது. "கூட்டிட்டாரோ?"

"அப்படித்தான் படுது."

"அப்ப அது விமானியின்ரை பிழை."

"அப்படியும் சொல்லலாம்."

பின்னேரம் அடுத்த ஒழுங்கையிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா எழும்பி நின்றுகொண்டே கதைத்தார். கொக்கி எகிறுவது, அலை, பக்கவாட்டு இழுவை, கம்பி உள்ளுக்குள் நைவது, நுனி கழல்வது, கடைசியில் என்ஜினைக் குறைக்காத விமானி. ஒன்றும் தடக்கவில்லை. மெஷினில் பாரம் வைப்பதை மட்டும் சொல்லவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பக்கம் பெரியவர், "அப்பிடியோ, அப்பிடியோ," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ஜினியர்தான், ஆனால் குளமும் வாய்க்காலும் பார்த்த மனிதர். கடைசியில், "தம்பி வலு விளக்கமாய்ச் சொல்லியிருக்கிறார்," என்று வைத்தார். அக்கா ஃபோனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் குசினிக்குப் போனார்.

ஞாயிறு வந்தது. நான் வெளி விறாந்தையில் பாண் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் உள்ளே ஒலித்தது.

"சுகமோ அப்பன்?"

"ஓம்."

"சாப்பிட்டியோ?"

"ம்."

"ராசா, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். அந்த விமானி ஏன் என்ஜினைக் குறைக்கேல்லை?"

"என்னம்மா?"

"தட்டிலை பட்ட உடனை என்ஜினைக் குறைக்கவேணுமெல்லோ? அவர் பயந்துபோய்க் கூட்டினபடியால்தானே கம்பி அறுந்தது? படத்திலை இரைச்சல் கேக்குது. நீ ஏன் உன்ரை மனதைப் போட்டு வதைக்கிறாய்? பிழை அவரிலை."

"ஆரம்மா உங்களுக்கு உந்த விசர்க்கதை சொன்னது?"

நான் பாணைத் தட்டில் வைத்தேன்.

"அவர் கூட்டத்தான் வேணும் அம்மா! முழுசாய்க் கூட்டவேணும். கொக்கி பிடிக்குமோ பிடிக்காதோ எண்டு இறங்கேக்கை ஆருக்குத் தெரியும்? பிடிக்காட்டி அந்த வேகத்திலையே திரும்ப எழும்பிப் பறக்கவேணும். எல்லாரும் அப்பிடித்தான் இறங்கிறது. ஒவ்வொரு தரமும். பிடிச்சு நிண்ட பிறகுதான் குறைக்கிறது. அவர் ஒரு பிழையும் விடேல்லை. தயவு செய்து அவரைச் சொல்லாதேங்கோ."

மூன்று வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட மிக நீளமான பேச்சு அது. மகன் தானாகவே தொடர்ந்தார்.

"கம்பி பிடிச்சதம்மா. அதுதான் பிரச்சினை. பிடிச்சு, அவரின்ரை வேகத்தைக் குறைச்சுப்போட்டு விட்டிட்டுது. பிடிக்காமலே விட்டிருந்தால் அவர் எழும்பிப் பறந்திருப்பார். பிறகு நிக்கவும் இடமில்லை, பறக்கவும் வேகமில்லை. நான் கீழை நிக்கிறனான், எனக்கு ஒண்டும் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரே சத்தம். அண்டைக்கு வேறை சத்தம்."

"ம்," என்றார் அக்கா. இப்போது ம் கொட்டுவது அவருடைய முறை.

"அடுத்த நாள் அவர் கீழை வந்தவர். கழுத்திலை பட்டி போட்டுக்கொண்டு. விமானிமார் எங்கடை அறைக்கு வாறதில்லை அம்மா, அவையளுக்கு வழியும் தெரியாது. ஆரையோ கேட்டுக்கேட்டு வந்தவர். நிண்ட எல்லாருக்கும் கை தந்தவர். இவ்வளவு நாளும் என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது நீங்கள்தான், அதுக்கு நன்றி எண்டவர். எனக்கும் கை தந்தவர். அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒருத்தரோடையும் கதைக்க ஏலாமல் போனது."

"ஏன் ராசா?"

"பாரம் வைச்சது நான்."

அக்கா கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார். "நம்பரைத் திருப்பிச் சொன்னனியோ?"

"ஓம்."

"சத்தமாயோ?"

"கத்தித்தான் சொல்லவேணும், இரைச்சல்." பிறகு திடுக்கிட்டதுபோல, "அது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியும். பக்கத்திலை நிண்டவன் பாத்தவனோ?"

"பாத்தவன். அவன் சரியெண்டுதான் சொல்லுறான். என்னை அந்த இடத்தாலை எடுத்துப்போட்டு இப்ப வேறை வேலை தந்திருக்கினம். விசாரணை முடியுமட்டும் அப்பிடித்தானாம், எல்லாருக்கும் அப்பிடித்தானாம். சரியாய்த்தான் வைச்சனான் அம்மா. ஆனால் படுத்தால், அவங்கள் சொன்னது ஒண்டு, நான் வைச்சது வேறையோ எண்டு வருது. நினைக்க நினைக்க நம்பர் மாறுது."

அந்த இடத்தில் நானாயிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிக் கெடுத்திருப்பேன். அக்கா தபால் கந்தோர்க் கதை சொன்னார்.

"நான் தந்தி அனுப்பின காலத்திலை நாங்களும் திருப்பி வாசிக்கவேணும். சாவு வீட்டுத் தந்தி வந்தால் மூண்டு தரம் வாசிப்பன். வீட்டை வந்து படுத்தால், பேரை மாத்தி அடிச்சிட்டனோ, ஊரை மாத்தி அடிச்சிட்டனோ எண்டு விடியுமட்டும் நித்திரை வராது. ஒரு தரம் உண்மையாய்ப் பிழை விட்டனான். அண்டிரவு எப்பிடிப் படுத்தனான் தெரியுமோ? நல்லாய்க் குறட்டை விட்டுப் படுத்தனான். கவனமில்லாமல் அடிச்ச நாளிலை யோசிக்கவும் கவனமிருக்கேல்லை."

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியிருக்கும். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு காரணமாகக் கேட்டார். நுனி கழண்டிருக்குமா, உள்ளே நைந்திருக்குமா, பக்கவாட்டில் இழுபட்டதா. மகன் இது இருக்கலாம், இது இருக்காது, இது எனக்குத் தெரியாது, இதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெற்ற தாய்க்குத் தன் வேலை இவ்வளவு தெரியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வாசம் வந்தது. நான் ஓசையில்லாமல் போய் அடுப்பை நிறுத்தினேன்.

"அம்மா, ஆர் உங்களுக்கு என்ஜினைக் குறைக்கவேணுமெண்டு சொன்னது?"

"பின்னறைத் தம்பிதான்."

"அங்கிளிட்டைக் குடுங்கோ."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"அங்கிள், எங்கை படிச்சனீங்கள் உதை?"

"கப்பல் கட்டுறப்ப அப்படித்தான் தம்பி. என்ஜினை நிப்பாட்டிட்டுத்தான் கயிறு போடுவோம்."

"கப்பல் கயிறு பிடிக்காட்டித் திரும்ப எழும்பிப் பறக்கிறேல்லையே அங்கிள்."

இந்தத் தடவை அது சிரிப்புத்தான். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன பல விஷயங்களால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. அன்று பிழையாகச் சொன்னதற்காக நன்றியோடு இருந்தேன். அந்தப் பையனால் தன்னைப் பற்றிக் கதைக்க முடியாமல் இருந்தது. இன்னொரு மனிதர் மீது பொய்யாகப் பழி விழுந்தபோது அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. அப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவரின் வீட்டில் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா அடுத்த ஒழுங்கைக்கு ஃபோன் எடுத்தார். என்னை எழும்ப விடவில்லை. "இரும். நான் கதைக்கிறதை ஒராள் கேக்கவேணும். இல்லாட்டி நடுவிலை மாத்திப்போடுவன்."

"அண்ணை, அண்டைக்கு ஒரு காரணத்தைச் சொல்லாமல் விட்டிட்டன்," என்று தொடங்கினார். பாரம் வைப்பதைச் சொன்னார். அதை வைப்பது தன் மகன்தான் என்றார். "அவன் என்ஜினியர் இல்லை. தரகர் சொல்லேக்கை நான் பேசாமல் இருந்திட்டன். அவன் கீழை நிண்டு கம்பி மெஷினைப் பாக்கிறவன். இப்ப அந்த இடத்திலையும் இல்லை. விமானி என்ஜினைக் குறைக்காததுதான் காரணமெண்டு நான் சொன்னதும் பிழை. அவர் செய்தது சரி."

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "பொடியன் இப்ப நித்திரை கொள்ளுறானோ?"

அக்கா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்லை அண்ணை."

"கொள்ளமாட்டான். ஒருக்கா ஒரு குளத்துக் கட்டு உடைஞ்சபோது அந்தப் பகுதிக்கு நான் பொறுப்பு. மழைதான் காரணமெண்டு எல்லாரும் எழுதித் தந்தவை. எனக்கு இப்பவும் மழை பெய்தால் எழும்பி இருக்கவேணும். மகளிட்டை உள்ளதைச் சொல்லுறன். அவள்தான் முடிவெடுக்கவேணும். ஆனால் பொடியனுக்கு என்ரை நம்பரைக் குடுங்கோ. சம்பந்தத்துக்கில்லை. சும்மா கதைக்க."

அந்தச் சம்பந்தம் இதை எழுதும்வரை முடிவாகவில்லை. பெண் யோசிக்கிறாள். அவளும் அக்காவின் மகனும் தாங்களாகவே கதைக்கிறார்கள் என்று மட்டும் அக்கா சொன்னார். ஆனால் பெரியவரும் மகனும் கதைத்தார்கள் என்பது உறுதி. குளத்துக் கட்டைப் பற்றி மகன் அக்காவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அக்கா அதைத் தெரிந்துகொள்ளப் பெரியவருக்கு ஃபோன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் உரித்து முடிந்த பிறகும் பேச்சு முடியவில்லை.

என் தோள் கூடியது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடிந்ததும் பழைய வியாதி தொடங்கியது. காலையில் கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்டால் காலுக்குள் அரித்தது. கொம்பனித்தெருவில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும் மாடிக் கட்டடம் ஒன்றில் சாமான் தூக்கும் ஆள் தேவையாம் என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று நாளாக வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படி ஒரு நாள், ஞாயிறு அல்லாத ஒரு காலையில், ஃபோன் வந்தது. அந்த நேரத்தில் ஒருநாளும் வராத அழைப்பு. அக்கா அரிசி கழுவிய கையோடு ஓடிவந்து, எடுக்க முடியாமல், "தம்பி, எடும் எடும்," என்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, பிடிச்சது."

"என்னடா?"

"என்னைத் திரும்ப அந்த இடத்துக்கு விட்டிட்டினம். இப்பதான் முதலாவது விமானம் இறங்கினது. பிடிச்சது."

"விசாரணை?"

"இன்னும் சொல்லேல்லை. கம்பி நுனிப் பக்கமாய்த் தேடுகினம். எங்கடை பக்கம் பாத்து முடிஞ்சுதாம், வேலைக்குப் போ எண்டு சொல்லிட்டினம். அந்தச் சத்தம் வந்ததம்மா. பழைய சத்தம்."

"கத்திச் சொன்னனியோ?"

"தொண்டை நோகக் கத்தினனான்."

அக்காவின் கையிலிருந்து அரிசித் தண்ணீர் தரையில் சொட்டியது. பிறகு என்னைப் பார்த்துத் தலையால் ஃபோனைக் காட்டிவிட்டு, நீர் கதையும் என்பதுபோல, குசினிக்குள் போய்விட்டார். குழாய் முழு வேகத்தில் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவர் அழுதிருப்பார்.

நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கோ ஒரு கடலில் இரும்பு அறைக்குப் பக்கத்தில் மகன் எதையோ மென்று சாப்பிடுவது கேட்டது.

"அங்கிள், இருக்கிறீங்களோ?"

"இருக்கேன் தம்பி," என்றேன். "சாப்பிடுங்க. அம்மா இப்ப வருவாங்க."